கருப்பணசாமி கோயிலுக்கு ஒரு மோட்டார் வண்டி

மட்டாஞ்சேரியில் வாழும் நம்மவர் குடும்பங்களுக்கு ஊர் இரண்டு உண்டு. ஒன்று சோறு அளிக்கும் ஊர். மற்றொன்று சாமி இருக்கும் ஊர். டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பெற்ற வண்ணார் மரபினர் இன்றும் ஃபோர்ட்டு கொச்சியை அடுத்த வேலிப் பகுதியில் துணி வெளுத்து வருகின்றனர். அவர்களுக்குப் பின் வணிகத்துக்கும் கூலிக்கும் உத்தியோகத்துக்கும் வந்தோர் பலர். காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவு உருவாக்கப்பெற்ற காலத்தில் துறைமுக வேலைக்கு வந்தவர் எங்கள் பூட்டனார். அவர் விட்டு வந்த குலதெய்வம் போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடைப்பட்ட மலையடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் நிற்கும் கருப்பணசாமி.

மாசி மாதச் சிவராத்திரியன்று அங்கே கண்விழித்துப் பொங்கலிட்டு மறுநாள் காலையில் திரும்புவது எங்கள் குடும்ப வழக்கம். அங்கே சத்திரம் இல்லை, விடுதி இல்லை, மின்விளக்கும் இல்லை. கடைசி நான்கு கிலோமீட்டருக்குச் சாலையும் இல்லை. ஓடை மணலும் உருட்டுக் கற்களும் நிறைந்த வண்டித்தடம் மட்டுமே உண்டு. எங்கள் தந்தையார் இருந்தவரை போடி வரை பஸ்ஸிலும் அங்கிருந்து வாடகை டிராக்டரிலும் சென்று வந்தோம். 2018-க்குப் பிறகு அது நின்றுபோயிற்று. தந்தையார் மறைந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றியது. டிராக்டர் பெட்டியில் ஏற முடியாத நிலை உண்டாயிற்று. "ஒரு தடவை சாமியைப் பார்த்துட்டு வந்துட்டா போதும்" என்று அவர் ஆண்டுதோறும் மாசி பிறக்கும்போது சொல்வார். பங்குனி பிறந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிடுவார்.

இந்நிலையில்தான் நாங்களும் எங்கள் தங்கை குடும்பத்தாரும் சேர்ந்து, சீட்டுப் பணத்தைக் கொண்டு பழைய மஹிந்திரா பொலிரோ வண்டி ஒன்றை வாங்கினோம். மலைப்பாதையில் செல்லவும் வெட்டவெளியில் தங்கவும் ஏற்றவாறு அதைத் திருத்தியமைக்க முற்பட்டபோது நாங்கள் செய்த பிழைகளையும், பின்னர்க் கற்ற பாடங்களையும் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இக்காலத்தில் பல இளைஞர்கள் இத்தகைய வண்டிகளை வாங்கி மலையேறப் புறப்படுகிறார்கள். அவர்களுக்கு எங்கள் அனுபவம் சிறிதேனும் பயன்படக்கூடும்.

முதல் திருத்தம்

பொலிரோ எளிய வண்டி. லாரிக்கு உள்ளது போன்ற உறுதியான இரும்பு அடிச்சட்டகம், பின்புறத்தில் இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங், பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு, அதன் மேல் உபரிச் சக்கரம், ஏழு பேருக்கு இடம். எங்கள் வண்டியில் இயந்திரத்தின் விசை பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்லும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பு அன்று அது. இந்தக் குறையை அலங்காரத்தால் நிறைவு செய்துவிடலாம் என்று நாங்கள் எண்ணியதே முதற்பிழை.

சலனப் படங்களில் கண்ட வண்டிகளை மனத்தில் கொண்டு ஒரு பட்டறையில் வேலையை ஒப்படைத்தோம். முன்புறத்தில் கனத்த இரும்புக் குழாய்களால் ஆன தடுப்பு, கூரையின் மேல் இரும்புக் கேரியர், அதன் நெற்றியில் ஒளிமிக்க விளக்குகள், கேரியரின் மேல் இரண்டாவது உபரிச் சக்கரமும் தண்ணீர்க் கேன்களும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். முன் ஸ்பிரிங்குகளுக்கு இடையே கட்டைகள் செருகப்பெற்றன. பின்புறத்தில் கூடுதல் பட்டை ஒன்று சேர்க்கப்பெற்றது. செலவு எழுபத்து நான்காயிரம் ரூபாய். வீதியில் நிறுத்தியபோது அயலார் வந்து சுற்றிப் பார்த்துச் சென்றனர். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவை அழைத்து வந்து கதவைத் திறந்தோம். அவர் கால்படியின் மேல் ஒரு காலை வைக்க முயன்றார், முடியவில்லை. மற்றொரு காலால் முயன்றார், அதுவும் முடியவில்லை. கதவைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "வண்டி நல்லாத்தான் இருக்கு ராசா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மலையேறுவதற்காக உயர்த்தப்பட்ட வண்டியில், யாருக்காக உயர்த்தினோமோ அவரால் ஏற முடியவில்லை. அப்போதே நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆயினும், செலவழித்த பணம் கண்ணை மறைத்தது. முக்காலி ஒன்றை வைத்து இருவர் தாங்கி ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

2024: ஓடைக் கரை வரை

2024-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் தேதி சிவராத்திரி. முதல் நாள் விடியுமுன் புறப்பட்டோம். தோப்பும்படி, குண்டனூர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 85-ஐ அடைந்தோம். திருப்பூணித்துறை, மூவாற்றுப்புழை, கோதமங்கலம் ஆகிய ஊர்களைக் கடந்தால் நேரியமங்கலம் வரும். பெரியாற்றின் மேல் 1935-இல் திறக்கப்பெற்ற வளைவுப் பாலம் அங்கே உள்ளது. அதைத் தாண்டியவுடன் சமவெளி முடிந்து மலைநாடு தொடங்குகிறது. அடிமாலி, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டை அடைந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலையில் இறங்கினால் போடி. தேயிலை, ஏலம், மாந்தோப்பு என்று ஒரே நாளில் மூன்று உலகங்களைக் காணலாம்.

அந்த அழகை நாங்கள் முழு மனத்துடன் அனுபவிக்க இயலவில்லை. கூரையின் மேல் இருந்த கனம் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை வெளிப்புறமாகச் சாய்த்தது. உயர்ந்த ஸ்பிரிங்குகள் சிறு பள்ளத்தையும் பெரிதாக்கி எறிந்தன. அம்மா முன்னிருக்கையின் முதுகைப் பிடித்த பிடியைப் போடி வரை விடவில்லை.

எனினும், உண்மையான சோதனை மறுநாள் மாலையில் வந்தது. ஓடையின் குறுக்கே சுமார் நாற்பது கஜ தூரம் மணல். மைத்துனர் வேகமாகச் செலுத்தினால் கடந்துவிடலாம் என்றார். பாதி தூரம் சென்றதும் பின்சக்கரம் ஒன்று சுழன்று மணலைத் தோண்டத் தொடங்கியது. இத்தகைய வண்டியில் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால் விசை அந்தச் சக்கரத்துக்கே வீணாகப் போகும். பிடிப்புள்ள மற்றொரு சக்கரம் சும்மா நிற்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தக் குழி ஆழமாயிற்று. கூரையில் கனம் இருந்தமையால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரும் இறங்கினோம், அம்மாவைத் தூக்கி இறக்கினோம். ஊரார் டிராக்டர் கொண்டு வந்து இழுக்கும்போது இருட்டிவிட்டது.

அப்பால் இருந்த கோயிலில் அகல் விளக்கு ஏற்றப்பட்டிருந்தது. இக்கரையிலிருந்து வேப்பமரத்தின் நிழலுருவும் அந்தச் சிறு ஒளியும் தெரிந்தன. மணலில் நடக்க அம்மாவின் முழங்கால் இடம் தரவில்லை; தூக்கிச் செல்கிறோம் என்றதற்கு அவர் உடன்படவில்லை. கரையில் நின்றவாறே கைகூப்பினார். "சாமி இருக்கிற இடம் தெரியுதுல்ல, போதும்" என்றார். அன்றிரவு போடியில் ஒரு விடுதியில் தங்கினோம். எவரும் உறங்கவில்லை.

சட்டம் சொல்வது

திரும்பும் வழியில் நடந்த வாகனச் சோதனையில் ஓர் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முன் இரும்புத் தடுப்புக்கும் உயர்த்திய ஸ்பிரிங்குகளுக்குமாகப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தார். நியாயமான அபராதமே. சட்டத்தை அறியாமல் செய்தோம் என்பது விலக்கு ஆகாது. ஆகவே, பின்னர் அறிந்தவற்றை இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டிகளை மாற்றியமைப்பதைப் பற்றியது. உற்பத்தியாளர் வகுத்து, பதிவுச் சான்றில் பதியப்பெற்ற விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நம் கேரளத்திலிருந்து சென்றதே. அதே ஆண்டு திருத்தப்பெற்ற சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புற இரும்புத் தடுப்புகளைப் பற்றி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அவை பாதசாரிகளுக்கும் வண்டிக்குள் இருப்போருக்கும் ஒருங்கே ஆபத்தானவை. 2021 ஆகஸ்டில், தங்கிப் பிரயாணம் செய்வதற்காகப் பலவாறு மாற்றப்பெற்ற ஒரு வேனைக் கண்ணூர் மாவட்டத்தில் மோட்டார் வாகனத் துறையினர் கைப்பற்றியதும், அதைத் தொடர்ந்து எழுந்த ஆரவாரமும் அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதை ஓடை மணலில் சாய்ந்த வண்டி எங்களுக்கு உணர்த்தியது. ரெயில்வேயில் ஒவ்வொரு சரக்கு வாகனின் பக்கத்திலும் அதன் வெற்றெடையும் ஏற்றத்தக்க எடையும் எழுதப்பட்டிருக்கும். சரக்கு அலுவலகத்தில் நாள்தோறும் அந்த எண்களைப் படித்துப் பதிவு செய்யும் நாங்கள், சொந்த வண்டியில் அதை மறந்தோம். கேரியர், தடுப்பு, இரண்டாவது சக்கரம், தண்ணீர் ஆகியவற்றைக் கூட்டினால் இரண்டு ஆட்களின் எடைக்கு மேல் வந்தது. அதில் பெரும்பகுதி தலைக்கு மேல் இருந்தது.

சூரியநெல்லியில் கேட்ட பாடம்

அந்த ஆண்டு மே மாதத்தில் உறவினர் திருமணத்துக்காகச் சின்னக்கானல் பக்கம் சென்றிருந்தபோது கொளுக்குமலையையும் பார்த்து வந்தோம். ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும், வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் செல்கிறது. அப்பாதையில் வெளியார் தம் வண்டிகளைக் கொண்டு செல்வதில்லை. உள்ளூர் ஜீப்புகளிலேயே ஏறிச் செல்ல வேண்டும்.

நாங்கள் ஏறிய ஜீப்பு மிகப் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளுக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வடிவம். 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் அந்த மரபைத் தொடங்கிய நிறுவனத்தின் வண்டியே எங்கள் பொலிரோவும். அந்த ஜீப்பில் கூடுதல் விளக்கு இல்லை, கேரியர் இல்லை, மேனியில் பளபளப்பும் இல்லை. பாறைகளின் மேல் நடைவேகத்தில் ஏறியது. ஓட்டியவர் போடிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஓடைக் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டயர்ல காத்து எவ்வளவு வச்சிருந்தீங்க தம்பி?"

ரோட்டுக்கு வைப்பதையே வைத்திருந்தோம் என்றோம்.

"அப்ப அது எப்படிப் போகும்? மணலுக்கு டயர் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கணும். வண்டியை ஏத்துறது உயரம் இல்ல தம்பி, பிடிப்பு. மேல சேர்த்ததை எல்லாம் கழட்டுங்க. கீழ தேய்ஞ்சதை எல்லாம் மாத்துங்க."

எழுபத்து நான்காயிரம் ரூபாய்க்கு நாங்கள் வாங்காத அறிவை அவர் இரண்டு வாக்கியங்களில் கொடுத்தார்.

இரண்டாம் திருத்தம்

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் சேர்த்தவற்றைக் கழற்றினோம். கேரியர், தடுப்பு, விளக்குகள், கட்டைகள், கூடுதல் பட்டை எல்லாம் பழைய இரும்பு விலைக்குப் போயின. பின்னர், கீழே தேய்ந்தவற்றைப் பார்த்தோம். மட்டாஞ்சேரி வண்டிகளுக்கு உப்பே முதற்பகை. கடற்காற்றோடு, வேலியேற்றக் காலங்களில் தெருவில் ஏறும் காயல் நீரும் அடிப்பகுதியை அரிக்கிறது. அடிச்சட்டகத்தை நன்னீரால் கழுவி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சுப் பூசினோம். ஷாக் அப்சார்பர்கள் நான்கும் எண்ணெய் கசிந்து பயனற்றுப் போயிருந்தன, ஸ்பிரிங்குகளின் ரப்பர் புஷ்கள் நொறுங்கியிருந்தன, பட்டைகள் தளர்ந்திருந்தன. உற்பத்தியாளர் குறித்த அதே வகையில் புதியவற்றைப் பொருத்தியதும் வண்டி தானாகவே ஓர் அங்குலத்துக்கு மேல் நிமிர்ந்தது. நாங்கள் உயர்த்த முயன்றது, தளர்ந்த ஸ்பிரிங்கால் இழந்த உயரத்தைத்தான் என்பது அப்போது விளங்கியது.

டயர்களின் அளவை மாற்றவில்லை. அதே 215/75 ஆர் 15 அளவில், ஆனால் ஆழமான வெட்டுகளையும் உறுதியான பக்கச் சுவரையும் உடையனவாக வாங்கினோம். சாலைக்கும் மலைத்தடத்துக்கும் பொதுவான வகை அது. காற்றடைக்கும் சிறு பம்பு ஒன்றும், காற்றழுத்தம் பார்க்கும் கருவியும் சேர்ந்தன. மணலில் இறங்குமுன் அழுத்தத்தை இருபது பவுண்டு அளவுக்குக் குறைத்தால், டயர் தரையில் பதியும் பரப்பு நீளும், எடை பரவும், சக்கரம் புதையாது. ஆனால், அந்நிலையில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லலாகாது; திருப்பத்தை ஒடித்துத் திருப்பலாகாது. தார்ச்சாலையை அடைந்ததும் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

மணலில் சக்கரத்துக்கு அடியில் இடுவதற்கென்று பிளாஸ்டிக் பலகைகள் கடைகளில் விற்கின்றன. நாங்கள் பஜார் ரோட்டில் முரட்டுத் தேங்காய் நார்ப் பாய்களை ஆறடி நீளத்துக்கு வெட்டி வாங்கினோம். கோணிச் சாக்குகளும் நாலைந்து எடுத்துக்கொண்டோம். ஜாக்கி மணலில் புதையாமல் இருக்க ஒரு கனத்த பலகை, மண்வெட்டி, இழுவைக் கயிறு ஆகியவை எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டைக்குள் அடங்கின.

இனி, தங்குவதற்கான ஏற்பாடு. இதைப் பற்றி நானும் மைத்துனரும் படுக்கை, விளக்கு, அடுப்பு என்று நெடுநேரம் விவாதித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தங்கை குறுக்கிட்டாள். "அண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். ராத்திரி பொம்பளைங்க நாங்க எங்க போறது? அம்மாவால குத்துக்கால் வைக்க முடியுமா?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை செலவிலும் திட்டத்திலும் அந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றவே இல்லை. உடனே தையற்காரரிடம் சென்று கெட்டியான காக்கித் துணியில் நாற்புறமும் மறைக்கும் திரை ஒன்று தைத்தோம். பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு அதற்கு ஒரு சுவராக அமைந்தது. நடுவில் துளையிட்ட மடக்கு நாற்காலி, மூடியுள்ள வாளி, ஒரு பை மரத்தூள் என்பனவே மற்ற ஏற்பாடு. இதுகாறும் செய்த திருத்தங்களுள் இதுவே தலையாயது என்பது பெண்கள் அனைவரின் முடிவு. எங்கள் முடிவும் அதுவே.

படுக்கைக்காக எந்த இருக்கையையும் கழற்றவில்லை. இருக்கைகளின் எண்ணிக்கையும் பதிவுச் சான்றில் உள்ள விவரமே. நடு இருக்கையை மடித்துச் சாய்த்து, பின்பக்க இருக்கைகளையும் மடக்கி, ஒரு மரப்பெட்டியின் மேல் இரு பலகைகளைப் பரப்பினால் ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள கட்டில் ஆகிவிடும். அம்மாவின் உயரத்துக்கு அது போதும். மரப்பெட்டிக்குள் அரிசி, பருப்பு, பாத்திரங்கள். ஒரு திருகாணியும் உடம்பில் இறக்கவில்லை. உள்ளே இருக்கும் வளையங்களிலேயே கயிற்றால் கட்டினோம். தண்ணீர்க் கேன்கள் இரண்டும் தரைமட்டத்தில் நடு இருக்கையின் பின்னால் நின்றன. கனமானது கீழே, இலேசானது மேலே என்பதே விதி. கூரையில் ஒன்றும் இல்லை. வண்டியின் பக்கத்திலிருந்து இரு மூங்கில்களின் மேல் நீளும் ஒரு தார்ப்பாய், மற்றவர்களுக்குக் கூடாரம்.

கடைசியாக, தச்சரிடம் எட்டு அங்குல உயரத்தில், அகலமான அடியுடன் ஒரு பலகைப் படி செய்வித்தோம். தூக்குவதற்குக் கயிற்றுப் பிடியும் உண்டு. இரண்டாம் திருத்தத்தின் மொத்தச் செலவு ஐம்பத்தாறாயிரம் ரூபாய். அதில் பலகைப் படியின் விலை நானூறு.

ஓர் எச்சரிக்கை. வண்டிக்குள் உறங்கும்போது கண்ணாடிகளை முழுவதும் அடைத்துக்கொண்டு, இயந்திரத்தையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக் குளிர்சாதனத்தை இயக்கலாகாது. 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றில் இருவர் உறக்கத்திலேயே உயிரிழந்தனர். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாதது, அறியாமலே கொல்வது. நாங்கள் ஜன்னல்களில் கொசுவலை கட்டித் திறந்தே வைக்கிறோம்.

2025: மீண்டும் மலைவழி

2025 பிப்ரவரி 26-ஆம் தேதி சிவராத்திரி. இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டு மூணாறில் ஓரிரவு தங்கினோம். அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு வேண்டும். எங்களுக்கு ஒரு பழைய ரெயில் பாதையைப் பார்க்க ஆசை.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செல்லும் வழியில் ஒருகாலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரெயில் ஓடியது. 1902-இல் அது ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கிற்று. எடையின் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் மேல் ஒரு வரிசைச் சக்கரங்கள் தாங்கும்; பக்கத்தில் சமநிலைக்காக ஒரு சக்கரம் மண்சாலையில் உருளும்; மாடுகள் இழுக்கும். 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலமுள்ள சிறு ரெயில் பாதை அமைத்தனர். தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவழியில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சென்றது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரெயிலை அடியோடு அழித்தது. பின்னர் அது மீண்டும் போடப்படவே இல்லை. பாதை எதைத் தாங்குமோ அதற்கேற்ற வண்டியை அமைத்தவர்கள் அவர்கள். வண்டிக்கு ஏற்பப் பாதை வளைந்து கொடுக்கும் என்று எண்ணியவர்கள் நாங்கள். கீழே போடியிலும் ரெயிலின் கதை அவ்வாறே ஏற்ற இறக்கமுடையது. மதுரையிலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை 2010-இன் இறுதியில் அகலப் பாதையாக மாற்றுவதற்காக மூடப்பெற்று, 2023 ஜூனில்தான் போடிக்கு மீண்டும் ரெயில் வந்தது.

போடிமெட்டு இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். கூரையில் கனம் இல்லாமையால் வளைவுகளில் வண்டி நிதானமாகத் திரும்பியது. அம்மாவின் கைகள் மடியில் இருந்தன.

மறுநாள் பிற்பகலில் ஓடைக் கரையை அடைந்தோம். முதலில் நாங்கள் இறங்கி மணலை நடந்து பார்த்தோம். கால் எங்கே புதைகிறதோ அங்கே சக்கரமும் புதையும். சற்று மேற்கே சரளை கலந்த இடம் ஒன்று கிடைத்தது. டயர்களில் காற்றைக் குறைத்தோம். அம்மா இறங்கவில்லை, "போங்க, நான் இருக்கேன்" என்றார். முதல் கியரில், நிற்காமல், அவசரப்படாமல் மைத்துனர் செலுத்தினார். அக்கரை ஏற்றத்துக்குச் சற்று முன்னால் வண்டி ஒருமுறை தயங்கியது. உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டார். பின்சக்கரங்களின் முன் மணலைத் தோண்டி நார்ப் பாய்களைப் பரப்பினோம். வண்டி ஒரு முறை உறுமி, பாய்களின் மேல் ஏறி, அக்கரையில் போய் நின்றது. மொத்தம் பத்து நிமிடம் ஆயிருக்கும்.

வேப்பமரத்தின் அருகே, கோயிலை ஒட்டிய பங்காளிகளின் பட்டா நிலத்தில் வண்டியை நிறுத்தினோம். அதற்கு அப்பால் காப்புக்காடு. அங்கே அனுமதியின்றி இரவில் தங்குவது குற்றம். தீயைக் குறித்தும் கவனமாக இருந்தோம். மாசி, பங்குனியில் அந்த மலைகளில் புல் காய்ந்து கிடக்கும். அங்கிருந்து தொலைவில் இல்லாத குரங்கணியில் 2018 மார்ச்சு 11-ஆம் தேதி எழுந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 23 பேர் மாண்டனர். சருகைப் பெருக்கி, வட்டமாகத் தரையைச் செதுக்கி, அதன் நடுவில் மூன்று கல் கூட்டிப் பொங்கலிட்டோம். முடிந்ததும் ஒரு கேன் தண்ணீரை ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்த பின்னரே அகன்றோம்.

கூடாரமடித்துத் தங்குவது மேல்நாட்டார் கற்பித்த புதுமை என்று நாம் நினைக்கிறோம். அந்த இரவில் சுற்றிலும் பார்த்தபோது அது பிழை என்று தோன்றியது. டிராக்டர் பெட்டிகளிலும் வேன்களிலும் வந்த நாற்பது ஐம்பது குடும்பங்கள் பாயை விரித்து, விளக்கை ஏற்றி, குழந்தைகளை உறங்க வைத்துக்கொண்டிருந்தன. கூண்டுவண்டி கட்டி, அரிசியும் சட்டியும் ஏற்றி, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியின் அடியில் படுத்தவர்களின் பேரர்கள் நாம். வண்டி மாறியிருக்கிறது, முறை மாறவில்லை.

அம்மா நள்ளிரவு வரை கருப்பணசாமியின் முன் அமர்ந்திருந்தார். பிறகு வண்டிக்குள் பலகைக் கட்டிலில் படுத்தார். விளக்கு தெரியும்படி பின்கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். விடியும் வேளையில் சத்தம் கேட்டு விழித்தோம். அவர் கையை நீட்டிக் கயிற்றுப் பிடியைப் பற்றிப் பலகைப் படியைத் தரையில் வைத்தார். ஒரு கால், பின்னர் மறு கால். தாமே இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, கோயிலை நோக்கி நடந்தார். எவரும் கை கொடுக்கவில்லை.

வண்டியைத் திருத்த விரும்பும் அன்பர்கள், அதில் ஏறப்போகும் முதியவரையும் குழந்தையையும் முதலில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். பெண்களைக் கேட்க வேண்டும். தேய்ந்ததை மாற்றிய பிறகே புதியதைச் சேர்க்க நினைக்க வேண்டும். பெரும்பாலும் சேர்ப்பதற்கு ஒன்றும் இராது. நம் சங்கத்துக் குடும்பம் எதுவேனும் ஊர்க்கோயிலுக்குப் புறப்பட்டால் நார்ப் பாய்களையும் காற்றுப் பம்பையும் காக்கித் திரையையும் மகிழ்ச்சியுடன் இரவல் தருவோம். பலகைப் படியை மட்டும் தர இயலாது. அது அம்மாவுடையது.